கெய்சருக்குள் வளரும் கல்

உத்திரமேரூர் வட்டாரத்துப் போர் தண்ணீரிடமிருந்து வெந்நீர்ச் சாதனங்களைக் காக்கும் வழிகள்

சுவரில் மாட்டிய 15 லிட்டர் கெய்சரின் அடிமூடியை நட்டுகளைத் தளர்த்திக் கழற்றியதும் முதலில் தண்ணீர் கொட்டுகிறது. அதன் பின்னால் வெண்சேறு வழிகிறது. கடைசியில் ஓடு ஓடாகக் கற்கள் பக்கெட்டில் விழுகின்றன. காயிலை வெளியே இழுத்தால் வர மறுக்கிறது. கடையில் வாங்கியபோது சுண்டுவிரல் பருமன்கூட இல்லாத செம்புக் குழல், இப்போது பெருவிரலைவிடத் தடித்திருக்கிறது. உள்ளே நுழைந்த துளை வழியாகத் திரும்பி வர அதற்கு இடமில்லை. ஸ்க்ரூடிரைவரால் தட்டித் தட்டி உடைத்த பிறகுதான் வருகிறது. மேலோட்டை உரித்துப் பார்த்தால் செம்பு கறுத்து, ஓரிடத்தில் வெடித்துப் பிளந்திருக்கிறது. "காயில் போயிடுச்சு" என்று எலெக்ட்ரீஷியன் சொல்வது இந்த வெடிப்பைத்தான்.

காஞ்சிபுரம் மாவட்டத்தில் உத்திரமேரூரைச் சுற்றிய கிராமங்களில் போர் போட்டு, மாடியில் தொட்டி வைத்து, குளியலறையில் கெய்சர் மாட்டிய வீடுகளுக்கு இந்தக் காட்சி பழக்கமானது. பழுதானதும் மெஷின் மட்டம், கம்பெனி சரியில்லை என்று பழி போகிறது. புதிதாக வாங்கி மாட்டினாலும் அதே தண்ணீர், அதே சூடு. ஆகவே அதே கல். கல் எங்கிருந்து வருகிறது, எந்த இடத்தில் படிகிறது என்பது தெரிந்தால் செலவில்லாமலோ சிறு செலவிலோ அதைப் பெருமளவு தடுக்கலாம். முழு வீட்டுத் தண்ணீரையும் மாற்ற வேண்டிய தேவை பெரும்பாலும் இல்லை. சூடேறும் தண்ணீர் நாளொன்றுக்குச் சில குடங்கள்தான். காப்பாற்ற வேண்டியது அந்தச் சில குடங்களை.

பாறைக்குள் ஊறிய தண்ணீர்

பாலாறு, செய்யாறு, வேகவதி மூன்றும் கூடும் திருமுக்கூடல் இந்த வட்டாரத்தில்தான் இருக்கிறது. ஆற்றோரத்தில் மணலும் வண்டலும். ஆற்றை விட்டு விலகினால் சார்னோகைட், நைஸ் வகைக் கடும்பாறை. போர் இறங்குவது இந்தப் பாறையின் வெடிப்புகளுக்குள்தான். மழைநீர் மண்ணுக்குள் இறங்கும்போது வேர்களும் நுண்ணுயிர்களும் வெளிவிடும் கார்பன் டை ஆக்சைடைக் கரைத்துக்கொண்டு லேசான அமிலமாகிறது. அந்த அமிலம் பாறையிலுள்ள கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் மெல்ல அரித்தெடுத்து, பைகார்பனேட் உப்புகளாகத் தன்னுள் வைத்துக்கொள்கிறது. மண்ணில் சுக்கான் கல் திட்டுகள் இருந்தால் இந்த வேலை இன்னும் சுலபம். எவ்வளவு காலம் பாறைக்குள் தங்குகிறதோ அவ்வளவு உப்பு சேரும். கிணறு வற்றி, போர் ஆழமாகி, அதற்கும் கீழே இன்னொரு போர் இறங்கும்போது பொதுவாகக் கிடைப்பது இன்னும் பழைய, இன்னும் கடினமான தண்ணீர்.

உத்திரமேரூரின் பெரிய ஏரி பல்லவர் காலத்திலிருந்தே இருக்கிறது. வைரமேகத் தடாகம் என்பது அதன் பழைய பெயர். முதலாம் பராந்தகன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டுகள் கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை. தேர்தலுக்காகப் புகழ்பெற்ற அந்தக் கல்வெட்டுகளில் தேர்ந்தெடுக்கப்பட்ட குழுக்களில் ஒன்று ஏரி வாரியம். பாசனத்துக்காகப் பார்க்கப்பட்ட ஏரி, ஊரின் கிணற்று நீரையும் பார்த்துக்கொள்கிறது. ஏரி நிரம்பினால் அதன் மென்மையான மழைநீர் கீழே இறங்கி நிலத்தடி நீரை நீர்க்கச் செய்யும். தூர்ந்து வறண்டால் பாறை நீர் மட்டும் மிஞ்சும். ஒரே கிணற்றின் தண்ணீரை வைகாசியிலும் தை மாதத்திலும் சோதித்தால் எண்கள் வேறுபடுவது இதனால்தான்.

நாக்கில் உப்புக் கரிப்பதையும் கெய்சரில் கல்லாவதையும் ஒன்றாக எண்ணுவது பரவலான குழப்பம். கரிப்பது பெரும்பாலும் சோடியம் குளோரைடு, அதாவது சமையல் உப்பு. அது சூட்டில் படியாது. கல்லாவது கால்சியம், மெக்னீசியத்தின் பைகார்பனேட்டுகள். சுவையாக இருக்கும் தண்ணீர்கூடக் காயிலை மூடிவிடலாம்.

---
பெட்டிச் செய்தி: எண்களில் கடினத்தன்மை

தண்ணீரின் கடினத்தன்மையை, ஒரு லிட்டரில் எத்தனை மில்லிகிராம் கால்சியம் கார்பனேட்டுக்குச் சமம் என்று அளக்கிறார்கள். 60 வரை மென்னீர். 60 முதல் 120 வரை நடுத்தரம். 120 முதல் 180 வரை கடினம். அதற்கு மேல் மிகக் கடினம்.

இந்தியக் குடிநீர்த் தரம் (ஐ.எஸ். 10500, 2012) ஏற்கத்தக்க அளவாக 200ஐயும், வேறு நீராதாரம் இல்லாத இடத்தில் பொறுத்துக்கொள்ளக்கூடிய உச்சமாக 600ஐயும் வைத்திருக்கிறது. குடிப்பதற்குச் சட்டப்படி தகுதியான தண்ணீரே கெய்சருக்கு எமனாக இருக்கலாம் என்பது இதிலிருந்தே தெரியும்.

400 அளவுள்ள தண்ணீரில் தினம் 45 லிட்டரைச் சூடாக்கும் வீட்டின் கெய்சர் வழியாக நாளொன்றுக்கு 18 கிராம், ஆண்டுக்கு ஆறரைக் கிலோ சுண்ணாம்புச் சரக்கு கடந்து போகிறது. அதில் பத்தில் ஒரு பங்கு உள்ளே தங்கினாலும் ஆண்டுக்கு அறுநூறு கிராமுக்கு மேல் கல்.

---

சூடு ஏறும் இடமே படியும் இடம்

சர்க்கரையும் சமையல் உப்பும் வெந்நீரில் கூடுதலாகக் கரையும். கால்சியம் கார்பனேட் இதற்கு நேர் எதிர்: சூடு ஏற ஏறக் கரைதிறன் குறையும். கூடவே இன்னொன்றும் நடக்கிறது. தண்ணீரைச் சூடாக்கும்போது கரைந்திருந்த கார்பன் டை ஆக்சைடு குமிழியாக வெளியேறுகிறது. அது இருக்கும்வரைதான் கால்சியம் பைகார்பனேட்டாகக் கரைந்திருக்கும். அது போனதும் கார்பனேட்டாக மாறி வீழ்படிவாகிறது. எங்கே படியும்? தொட்டியிலேயே மிகச் சூடான பரப்பில், அதாவது காயிலின் மேல்தோலில். தண்ணீர் மொத்தமும் 50 டிகிரியில் இருக்கும்போது காயிலின் தோல் அதைவிட வெகு அதிகச் சூட்டில் இருக்கும்.

வெப்பநிலை இங்கே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. 50, 55 டிகிரி வரை படிதல் மெதுவாக நடக்கும். 60 டிகிரியைத் தாண்டினால் வேகம் பிடிக்கும். 75, 80 டிகிரியில் தெர்மோஸ்டாட்டை வைத்திருக்கும் வீடு, குளிக்கத் தேவையான 40 டிகிரிக்குக் கொண்டுவர அதில் பச்சைத் தண்ணீரைக் கலக்கிறது. அந்தக் கூடுதல் சூட்டால் குளிப்பவருக்குப் பயனில்லை, கல்லுக்குத்தான் லாபம்.

என்னென்ன கெடுகிறது

படிந்த சுண்ணாம்பு வெப்பத்தைக் கடத்தும் திறனில் செம்பைவிட நூறு மடங்குக்கும் மேல் தாழ்ந்தது. அதன் விளைவு சாதனத்துக்குச் சாதனம் வேறுபடுகிறது. கல் படிந்தால் கரண்ட் பில் இரட்டிப்பாகும் என்று விற்பனையாளர்கள் பொதுப்படையாகச் சொல்வது, சாதாரண மின் கெய்சரைப் பொறுத்தவரை சரியில்லை. காயில் தண்ணீருக்குள்ளேயே மூழ்கியிருக்கிறது. அது உண்டாக்கும் சூட்டுக்குத் தண்ணீரைத் தவிர வேறு போக்கிடம் கிடையாது. கல் தடுத்தால் சூடு தாமதமாகக் கடக்கும். ஆனால் கடந்தே தீரும். மின் கெய்சர் உரிமையாளருக்கு நட்டம் பில்லில் வருவதைவிடக் காயிலில்தான் வருகிறது. உள்ளே தேங்கும் சூட்டால் குழலுக்குள் இருக்கும் நைக்ரோம் கம்பி தாங்கும் அளவைத் தாண்டிச் சிவந்து அறுகிறது. அல்லது குழலின் தோல் வெடிக்கிறது. முதலாவது செலவு. இரண்டாவது ஆபத்து: வெடித்த இடத்தின் வழியாக மின்சாரம் தண்ணீருக்குள் இறங்குகிறது. 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. சுவிட்சும் ஒழுங்கான எர்த்தும் இருக்கும் வீட்டில் சுவிட்ச் தட்டிவிட்டு எச்சரிக்கும். இரண்டும் இல்லாத வீட்டில் எச்சரிக்கை ஷாக்காகத்தான் வரும்.

பக்கெட்டில் போடும் ஹீட்டர் ராடில் இந்த ஆபத்து இன்னும் நெருக்கம். ராடில் வெள்ளை ஓடு கட்டியதும் கத்தியாலோ அரிவாள்மனையாலோ சுரண்டுவது வழக்கம். சுரண்டலில் உலோகத் தோலில் கீறல் விழும். சூட்டிலும் குளிரிலும் விரிந்து சுருங்கி அது வெடிப்பாகும். ஓட்டைக் கரைத்து எடுக்க வேண்டும், சுரண்டக் கூடாது. எப்படிக் கரைப்பது என்பது பின்னால் வருகிறது. கிராமத்து வீட்டின் பழைய ஏற்பாடான விறகடுப்பும் வாயகன்ற அண்டாவும் இந்த ஒரு விஷயத்தில் மேலானவை. படிவது கண்ணுக்குத் தெரியும், கையெட்டும். மூடிய தொட்டிகள் வந்த பிறகுதான் கல் மறைந்து வளர ஆரம்பித்தது.

சமையலறையில் மாட்டும் 3 லிட்டர் இன்ஸ்டன்ட் கெய்சர், கடின நீருக்குப் பொருந்தாத சாதனம். சிறிய காயிலில் 3 கிலோவாட் சக்தியைத் திணிப்பதால் அதன் தோல் மிகச் சூடாகிறது. அதே தண்ணீரில், 2 கிலோவாட் காயில் உள்ள 15 அல்லது 25 லிட்டர் கெய்சர் அதைவிடக் கூடுதல் காலம் தாங்கும். காஸ் கெய்சரில் தண்ணீர் குறுகிய செம்புக் குழாய்ச் சுருளில் ஓடுகிறது. குழாயின் உட்சுவரில் அரை மில்லிமீட்டர் படிந்தாலும் ஓட்டம் குறையும். சுடரின் சூடு தண்ணீருக்குப் போகாமல் புகையோடு வெளியேறும். இங்கேதான் எரிபொருள் செலவு நிஜமாகவே கூடுகிறது.

---
பெட்டிச் செய்தி: அடைபடக் கூடாத வால்வு

27 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குச் சூடாகும் 15 லிட்டர் தண்ணீர் சுமார் 200 மில்லிலிட்டர், ஒரு டம்ளர் அளவு, விரிகிறது. நான் ரிட்டர்ன் வால்வு இருந்தால் அந்த விரிவுக்கு வெளியேறும் வழி அழுத்த விடுவிப்பு வால்வு மட்டுமே. கெய்சர் சூடாகும்போது அதில் சில சொட்டுகள் வடிவது கோளாறாகாது; அது வேலை செய்கிறது என்பதற்கு அடையாளம்.

கடின நீரில் இந்த வால்வின் வாயிலும் சுண்ணாம்பு கட்டும். சொட்டுகிறது என்று அதை முடிச்சுப் போட்டு அடைப்பதும், திருகி இறுக்குவதும் உண்டு. தெர்மோஸ்டாட்டும் அந்த நேரம் பார்த்துச் சிக்கிக்கொண்டால் தொட்டிக்குள் அழுத்தம் ஏறிக்கொண்டே போகும். கெய்சர் வெடித்த விபத்துகளுக்குப் பின்னால் பெரும்பாலும் இந்த இரட்டைப் பழுது இருக்கிறது. நெம்புகோல் உள்ள வால்வை மாதம் ஒருமுறை தூக்கிப் பார்க்க வேண்டும். தண்ணீர் பீறிட்டு, விட்டதும் நிற்க வேண்டும். நிற்காவிட்டாலோ வராவிட்டாலோ புதிது மாற்ற வேண்டும். விலை சில நூறு ரூபாய்தான்.

---

மாடியில் சோலார்

கிராமத்து மொட்டை மாடிகளிலும் சோலார் வெந்நீர் அமைப்பு ஏறிவருகிறது. அதில் இரண்டு வகை. தட்டைப் பலகை வகையில், கறுப்புத் தகட்டின் அடியில் அரை அங்குலச் செம்புக் குழாய்கள் வரிசையாக ஓடும். சூடான நீர் லேசாகி மேலேற, குளிர்ந்த நீர் கீழே இறங்கும் இயல்பான சுழற்சிதான் இதன் இயக்கம், மோட்டார் கிடையாது. அந்தச் சுழற்சியைத் தள்ளும் விசை மிகச் சிறியது. குழாய் பாதி அடைபட்டாலே சுழற்சி படுத்துவிடும். சட்டகத்துக்குள் பற்றவைத்த குழாயைக் கழற்றிச் சுத்தம் செய்வதும் எளிதில்லை. கடின நீர் உள்ள வீட்டில் இந்த வகையை வாங்குவதானால் வெப்பப் பரிமாற்றி உள்ளதாக வாங்க வேண்டும். அதில் பலகைக்குள் தனி மென்னீர் மூடிய சுற்றில் ஓடும். போர் தண்ணீர் பலகைக்குள்ளேயே போகாது.

வெற்றிடக் கண்ணாடிக் குழாய் வகைதான் இந்த வட்டாரத்துக்குப் பொருத்தம். கண்ணாடி வழவழப்பானது, உலோகத்தைப் பிடிப்பதுபோல் சுண்ணாம்பு அதை இறுகப் பிடிக்காது. உதிர்ந்து குழாயின் அடியில் தூளாகத் தேங்கும். 58 மில்லிமீட்டர் விட்டமுள்ள குழாயை ஒவ்வொன்றாக உருவி, கவிழ்த்துக் கொட்டிவிட்டு மாட்டலாம். இதற்கும் ஒரு விதி இருக்கிறது: வெயிலில் காய்ந்த வெற்றுக் குழாய்க்குள் பச்சைத் தண்ணீர் பாய்ந்தால் கண்ணாடி தெறித்துவிடும். விடியற்காலையிலோ இரவிலோதான் இந்த வேலை.

சோலாருக்கு உண்மையான சோதனை கோடைதான். சித்திரை, வைகாசியில் யாருக்கும் வெந்நீர் வேண்டாம். பயன்படுத்தாத தொட்டியில் தண்ணீர் 80 டிகிரியைத் தாண்டிப் போகிறது. ஆண்டின் பெரும்பங்குக் கல் ஒருவரும் குளிக்காத அந்த மாதங்களில் படிகிறது. பச்சை வலையோ சாக்குப்படுதாவோ போட்டுக் குழாய்களில் பாதிக்கு மேல் மூடிவைப்பது, எந்த மெஷினும் தராத பாதுகாப்பு. தொட்டியின் மேலுள்ள காற்றுக்குழாயையும் கோடை முடிவில் பார்க்க வேண்டும். அது சுண்ணாம்பால் அடைபட்டால் நீராவி வெளியேற வழி இருக்காது. தண்ணீர் இறங்கும்போது காற்று உள்ளே வராமல் தொட்டி உட்குழிந்து நசுங்கவும் செய்யும்.

கடினத்தன்மையோடு குளோரைடும் மிகுந்த தண்ணீரில், சாதாரண 304 ரக எவர்சில்வர் தொட்டி வெல்டு ஓரத்தில் துளை விடும். இது சுண்ணாம்பின் வேலையில்லை, அரிப்பு. இனாமல் பூசிய தொட்டியோ 316 ரகமோ இத்தகைய நீருக்கு ஏற்றது. இனாமல் தொட்டியில் மெக்னீசியம் ஆனோடு கம்பி ஒன்று இருக்கும். தொட்டிக்குப் பதிலாகத் தன்னைக் கரைத்துக்கொள்வதுதான் அதன் வேலை. அது தீர்ந்துபோனதா என்று ஆண்டுக்கொருமுறை பார்க்காவிட்டால் அதன் பிறகு தொட்டி கரையும்.

காக்கும் வழிகள்

முதல் வழிக்குக் காசு தேவையில்லை. தெர்மோஸ்டாட்டை 55 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடையில் நிறுத்துவது. அதற்குக் கீழே வெதுவெதுப்பாக நாள்கணக்கில் தேக்கிவைத்தால் லெஜியனெல்லா போன்ற பாக்டீரியா வளர வாய்ப்புண்டு. மேலே போனால் கல். குளிக்கும் நேரத்துக்குச் சற்று முன்பு போட்டு, வேலை முடிந்ததும் அணைத்துவிடுவது இரண்டாவது. நாள் முழுக்க ஓடும் கெய்சர் அதே தண்ணீரைத் திரும்பத் திரும்பச் சூடாக்கிச் சுண்ணாம்பைக் கறந்தெடுக்கிறது.

அடுத்த வழி இந்த மண்ணுக்கே வாய்த்த ஒரு பொருத்தம். காஞ்சிபுரம் மாவட்டத்தில் ஆண்டுக்குச் சுமார் 1,200 மில்லிமீட்டர் மழை. அதில் பாதிக்கு மேல் ஐப்பசி, கார்த்திகையை ஒட்டிய வடகிழக்குப் பருவத்தில் பெய்கிறது. வெந்நீர் தேவைப்படுவது அதையடுத்த மார்கழியிலும் தையிலும். கடினத்தன்மை ஏறக்குறைய இல்லாத தண்ணீர், அது தேவைப்படும் காலத்துக்குச் சற்று முன்னால் வானத்திலிருந்தே வருகிறது. தமிழ்நாட்டில் 2003இல் கட்டாயமாக்கப்பட்ட மழைநீர் சேகரிப்பு, பெரும்பாலான வீடுகளில் நிலத்துக்குள் இறக்கும் குழியோடு நிற்கிறது. அது நிலத்தடி நீருக்கு நல்லது, தொடர வேண்டும். அதிலிருந்து ஒரு பங்கைத் தொட்டியில் பிடித்தால் வெந்நீர்க் கவலை தீரும்.

500 சதுர அடி மாடியில் 10 சென்டிமீட்டர் மழை பெய்தால் 4,650 லிட்டர் விழுகிறது. சிந்தியதும் முதல் கழுவலும் போக 3,700 லிட்டர் கைக்கு வரும். தினம் 45 லிட்டர் வெந்நீர் என்றால் 80 நாள் கணக்கு. ஒரே புயல் மழை மார்கழி, தை இரண்டையும் கடத்திவிடுகிறது. உயரம்தான் சிக்கல். மாடியில் விழும் நீர் தரைத் தொட்டிக்கு இறங்கிவிட்டால் மீண்டும் கெய்சருக்கு ஏற்ற மோட்டார் வேண்டும். மாடிப்படி அறையின் கூரை இதற்கு விடை. அந்த 100 சதுர அடிக் கூரை மாடித் தளத்தைவிட உயரமானது. அதன் குழாயை மாடியில் வைத்த 1,000 லிட்டர் தொட்டிக்குத் திருப்பினால், பருவம் முழுவதிலும் 60 சென்டிமீட்டர் மழைக்கு நாலாயிரம் லிட்டருக்கு மேல் வந்து விழும். அங்கிருந்து கெய்சருக்குத் தனிக்குழாய் தானாகவே பாயும். தொட்டி வெளிச்சம் புகாததாக இருக்க வேண்டும். கொசு புகாமல் வாயில் வலையும் மூடியும் வேண்டும்.

தனி மழைநீர் உலோகத்தை மெல்ல அரிக்கும் இயல்புடையது. மெல்லிய சுண்ணாம்புப் படலம் உலோகத்துக்குக் காப்பு என்பதையும் மறுப்பதற்கில்லை. மூன்று பங்கு மழைநீரில் ஒரு பங்கு போர் தண்ணீர் கலந்தால் 400 என்பது 100 ஆகிறது. கெய்சருக்கு அது நல்ல அளவு.

சாஃப்ட்னர் வாங்கலாமா

மழைநீருக்கு வசதியில்லாத வீட்டுக்கு அயனி மாற்று சாஃப்ட்னர் உறுதியாகப் பலன் தரும். உள்ளிருக்கும் ரெசின் மணிகள் கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் பிடித்துக்கொண்டு சோடியத்தை விடுகின்றன. மணிகள் நிரம்பியதும் உப்புக் கரைசலால் கழுவி மீட்க வேண்டும். கிராமத்தில் இந்தக் கழிவு எங்கே போகிறது என்பதை யாரும் பேசுவதில்லை. பாதாளச் சாக்கடை இல்லாத ஊரில் அது தோட்டத்துக்கும் கிணற்றடிக்கும்தான் போகும்.

கணக்கு இப்படி: கடினத்தன்மை 400, வீட்டு மொத்தப் பயன்பாடு தினம் 600 லிட்டர். 25 லிட்டர் ரெசின் சுமார் ஐந்து நாளில் நிரம்பும். ஒவ்வொரு மீட்புக்கும் மூன்று, நான்கு கிலோ உப்பு. ஆண்டுக்குச் சுமார் 250 கிலோ உப்பு அதே மண்ணில் இறங்கி, அதே போருக்குத் திரும்பும் வழியைத் தேடும். சோடியம் ஏறிய களிமண் இறுகித் தண்ணீர் உறிஞ்சுவதை நிறுத்தும். கெய்சருக்குப் போகும் 45 லிட்டரை மட்டும் மாற்றினால், 10 லிட்டர் ரெசின் உள்ள சிறு கருவி ஏறக்குறைய மாதம் ஒருமுறை மீட்பு கேட்கும். ஆண்டுக்கு 20 கிலோ உப்பு. இரண்டுக்கும் இடையே பன்னிரண்டு மடங்கு வித்தியாசம். முழு வீட்டுக்கும் சாஃப்ட்னர் என்பது விவசாய மண் சூழ்ந்த ஊருக்கு ஏற்ற யோசனை ஆகாது. கெய்சர் குழாய்க்கு மட்டும் வைப்பது தகும்.

வாங்குமுன் அழுத்தம் பார்க்க வேண்டும். தொட்டிக்கும் கெய்சருக்கும் 3 மீட்டர் உயர வித்தியாசம் என்றால் அழுத்தம் 0.3 பார்தான், அதில் சில கருவிகளில் தண்ணீர் சொட்டுச் சொட்டாகவே வரும். இந்த நீர் குடிக்க ஏற்றதன்று. 400 கடினத்தன்மையை நீக்கும்போது லிட்டருக்கு 180 மில்லிகிராமுக்கு மேல் சோடியம் சேர்கிறது. இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு அது கூடாது.

பாலிபாஸ்பேட் மணிகள் நிரப்பிய சிறு குடுவையைக் கெய்சரின் நுழைவுக் குழாயில் மாட்டுவது மலிவான வழி. லிட்டருக்குச் சில மில்லிகிராம் பாஸ்பேட் கரைந்து, சுண்ணாம்புப் படிகம் வளர்வதைத் தடுக்கிறது. 60 டிகிரிக்கு மேல் பாஸ்பேட் சிதைந்து பயனிழக்கும். சோலார் தொட்டிக்கு உதவாது. மணிகள் தீர்ந்ததும் நிரப்பாவிட்டால் குடுவை வெறும் அலங்காரம். குழாயில் கட்டும் காந்தங்கள், மின்னணுக் கம்பிச் சுருள்கள் பற்றிய ஆய்வு முடிவுகள் ஒன்றுக்கொன்று முரணானவை. அவற்றை நம்பிக் காயிலைக் கழற்றிப் பார்க்காமல் விடுவது சரியில்லை. ஆர்.ஓ. கருவி கழித்துவிடும் தண்ணீரைப் பாத்திரம் துலக்கப் பயன்படுத்தலாம். வெந்நீருக்கு ஒருபோதும் கூடாது. கடின உப்புகள் செறிந்து நிற்பது அதில்தான்.

---
பெட்டிச் செய்தி: சோதிப்பது எப்படி

டி.டி.எஸ். மீட்டர் கரைந்துள்ள மொத்தத் திடப்பொருளைக் காட்டுமே தவிர கடினத்தன்மையைக் காட்டாது. சாஃப்ட்னரில் நுழையும் நீருக்கும் வெளிவரும் நீருக்கும் டி.டி.எஸ். ஏறக்குறைய ஒன்றே. தண்ணீரில் இரண்டு கம்பிகளை விட்டு மின்சாரம் பாய்ச்சிப் பழுப்புக் கசடைக் காட்டும் விற்பனைச் செயல்விளக்கத்தில், அந்தக் கசடில் பெரும்பகுதி கம்பியின் இரும்பு.

1971இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகங்களில் கட்டணம் செலுத்தி மாதிரியைச் சோதிக்கலாம். ஊராட்சிகளில் களப் பரிசோதனைப் பெட்டியும் உண்டு. மாதிரி எடுக்கும் பிளாஸ்டிக் கேனை அதே தண்ணீரால் இரண்டு மூன்று முறை அலசி, போரைச் சிறிது நேரம் ஓடவிட்டுப் பிடிக்க வேண்டும். கோடையில் ஒன்று, மழைக்குப் பின் ஒன்று எடுப்பது நல்லது. பஞ்சாயத்துக் குழாயில் வருவது ஆற்றுப்படுகைக் கிணற்று நீரா, ஊர்ப் போர் நீரா என்று கேட்டறிந்தால், இரண்டில் மென்மையானதைக் கெய்சருக்கு ஒதுக்கலாம்.

---

படிந்ததை எடுப்பது

எவ்வளவு தடுத்தாலும் கொஞ்சம் படியும். கடினத்தன்மை 400 உள்ள இடத்தில் கெய்சரை ஆண்டுக்கு ஒருமுறை, புரட்டாசியில், குளிர்காலப் பயன்பாடு தொடங்குமுன் திறப்பது பொருத்தம். 200க்குள் இருந்தால் இரண்டு ஆண்டுக்கொருமுறை போதும்.

மளிகைக் கடையில் கிடைக்கும் சிட்ரிக் அமிலம், அதாவது எலுமிச்சை உப்பு, வீட்டுக்குப் பாதுகாப்பானது. ஒரு கிலோ சிட்ரிக் அமிலம் கணக்குப்படி முக்கால் கிலோ சுண்ணாம்பைக் கரைக்கும். லிட்டருக்கு 50 முதல் 100 கிராம் கரைத்து, காயிலையும் ராடையும் சில மணிநேரம் ஊறவைக்க வேண்டும். நுரைப்பது நின்று ஓடு மிஞ்சியிருந்தால் அமிலம் தீர்ந்தது என்று பொருள். புதிதாகக் கரைக்க வேண்டும். கொதிக்கவைக்கக் கூடாது: கால்சியம் சிட்ரேட் சூட்டில் கரையாமல் வேறொரு வெள்ளைப் படிவாக உட்கார்ந்துகொள்ளும். வெதுவெதுப்பு போதும். வினிகரும் கரைக்கும்; ஆனால் ஒரு லிட்டர் வினிகர் 40 கிராம் சுண்ணாம்பைத்தான் எடுக்கும், ராடுக்கு ஆகும், தொட்டிக்குக் கட்டுப்படியாகாது. செம்புப் பாத்திரத்தைப் பளபளக்க வைக்கும் புளி இங்கே ஏமாற்றும். புளியின் டார்டாரிக் அமிலம் கால்சியத்தோடு சேர்ந்து கரையாத உப்பாகிவிடுகிறது.

கழிவறைக்கு ஊற்றும் ஆசிட்டைக் கெய்சருக்குள் ஊற்றுவது கூடவே கூடாது. ஹைட்ரோகுளோரிக் அமிலம் சுண்ணாம்பை நிமிடங்களில் கரைக்கும். அதே வேகத்தில் இரும்பையும் எவர்சில்வரையும் வெல்டையும் தின்னும். மூடிய குளியலறையில் அதன் புகை நுரையீரலை எரிக்கும். பிளீச்சிங் பவுடர் பட்ட இடத்தில் அது சேர்ந்தால் குளோரின் வாயு பிறக்கும்.

வேலைக்கு இறங்குமுன் கெய்சரின் சுவிட்சை அணைப்பதோடு நிற்காமல் மெயினையும் இறக்க வேண்டும். ஆறவிட்டுத் தண்ணீரை வடித்து, மூடியைக் கழற்றி, அடியில் தேங்கிய கற்களைக் கையுறை போட்டு அள்ள வேண்டும். ஆனோடு கம்பி பென்சில் பருமனுக்குத் தேய்ந்திருந்தால் அந்தச் சமயத்திலேயே மாற்றிவிடலாம். பழைய ரப்பர் கேஸ்கெட்டைத் திரும்பப் போட்டால் பெரும்பாலும் கசியும். புதிது போடுவதே நல்லது. மூடியை இறுக்கியபின் வெந்நீர்க் குழாயைத் திறந்துவைத்து, காற்றுக் குமிழி நின்று தண்ணீர் முழு ஓட்டமாக வரும்வரை தொட்டியை நிரப்ப வேண்டும். அதன் பிறகே மெயினைப் போட வேண்டும். தண்ணீரில்லாத தொட்டியில் காயில் சில நொடிகளிலேயே கருகிவிடும்.